கண்ணுள் வினை: தோட்டத் தமிழரும் இக்காலக் கலையும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊரை அடுத்துத் தென்னமரம் என்னும் தோட்டம் உள்ளது. பெயர் தமிழ்ப்பெயர், தென்னைமரம் என்பதன் பேச்சு வடிவம். ஆயின் அத்தோட்டம் பெயர் பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். 1917இல் மலாயாவில் வாணிக நோக்கோடு செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடம் அதுவே. நடச் செய்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் தோட்டக்காரராக மட்டும் இருந்தவர் அல்லர், எழுத்தாளருமாவார். மலாயாத் தோட்ட வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சு நாட்டின் உயரிய இலக்கியப் பரிசாகிய கொங்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளரும் வருகின்றனர்.

அதே 1917இல் நியூயார்க்கில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. மார்செல் துய்சாம் என்னும் கலைஞர், கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க்கலம் ஒன்றில் புனைபெயர் எழுதி, அதற்கு 'நீரூற்று' என்று பெயரிட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். கண்காட்சியினர் அதனை வைக்க மறுத்தனர். ஆயினும் கலை என்பது கையால் செய்யப்படுவதா, கருத்தால் ஆக்கப்படுவதா என்னும் வினா அன்று எழுந்து இன்றுவரை ஓயவில்லை.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றை ஒன்று அறியா. எனினும் வட சிலாங்கூர்த் தோட்டத் தமிழரின் பேரர் ஒருவர் இன்று கோலாலம்பூரில் ஒரு கலைக்கூடத்தினுள் நுழைவாராயின், இரண்டும் சேர்ந்தே அவரை எதிர்கொள்ளும். அவருடைய பாட்டனும் பாட்டியும் வெட்டிய மரம், ஏறிவந்த கப்பல், பெருவிரல் ஊன்றிய தாள் ஆகியவை அங்கே கலைப்பொருளாக இருக்கும். ஆனால் அவை பேசும் மொழி துய்சாமுக்குப் பின் வந்த மொழியாக இருக்கும். பொருள் தம்முடையது, மொழி தமக்கு விளங்காதது என்னும் இந்நிலை வருந்தத்தக்கது. அதனை மாற்றும் வழி உண்டா என்பதே ஆராயத்தக்கது.

'விளங்கவில்லை' என்னும் சொல்

இக்காலக் கலையைப் பார்க்கும் தமிழர் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைக் கூறுவர். 'இது விளங்கவில்லை' என்பது ஒன்று. 'இதனை என் பிள்ளையும் செய்வான்' என்பது மற்றொன்று. இரண்டாவது, முதலாவதன் சினங்கொண்ட வடிவமே. இவற்றை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. விளங்காததை விளங்கியதுபோல் தலையசைப்பதை விட, விளங்கவில்லை என்று நேர்மையாகக் கூறுதல் மேலானது. ஆயினும் அச்சொல்லினுள் இரண்டு வேறு குறைகள் கலந்து கிடக்கின்றன. படைப்பு தரவேண்டியதைத் தராதிருத்தல் ஒரு குறை. காண்பவர் தேடவேண்டியதைத் தேடாதிருத்தல் மற்றொரு குறை. திறனாய்வின் முதற்பணி இவ்விரண்டையும் பிரித்தறிதலாகும்.

புதுக்கவிதை வந்தபோதும் இதே குழப்பம் இருந்தது. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபின் தமிழகத்திலும், 1960களில் மலேசியாவிலும், யாப்பற்றது கவிதையாகுமா என்று புலவர்கள் வழக்காடினர். இன்று பள்ளி மாணவரும் புதுக்கவிதையைப் படிக்கின்றனர், எழுதுகின்றனர். நல்லதும் அல்லதும் அதில் உண்டு என்பதை அறிந்து, பிரித்து மதிக்கவும் ஆசிரியர்கள் கற்றுக்கொண்டனர். எதுகை மோனையைத் தேடிய கண், அவை இல்லாத இடத்தில் வேறு எவற்றைத் தேடவேண்டும் என்று பழகிக்கொண்டமையே காரணம். கலைக்கூடத்தில் நிற்கும் கண்ணுக்கு அப்பழக்கம் இன்னும் வாய்க்கவில்லை. ஆங்கே அது தேடுவது ஒன்றே ஒன்று: உருவொப்பு. மரம் மரம்போல் இருக்கின்றதா, முகம் முகம்போல் இருக்கின்றதா என்பதே அதன் வினா.

உருவொப்பு தமிழ் மரபா?

உருவொப்பையே கலையின் அளவுகோலாகக் கொள்வோர், அதனைத் தம் பழைய மரபு என்று எண்ணுகின்றனர். அஃது அத்துணைப் பழையதன்று. தோட்டத்து லயத்து வீடுகளின் சுவரில் தொங்கிய நாட்காட்டித் தெய்வப் படங்களிலிருந்து வந்த பழக்கம் அது. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கற்ற இரவிவர்மா 1894இல் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை வீடுதோறும் பரப்பினார். அவருக்குப் பின் கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் மாணவரும் நாட்காட்டிகளுக்கு வரைந்தனர். திரைப்படப் பதாகைகளும் சேர்ந்தன. இவ்வாறு ஏறத்தாழ நூறு, நூற்றிருபது ஆண்டுகளில் உருவான கண்தான் இன்று 'மரபான கண்' எனப்படுகின்றது. அந்தப் படங்களும் வந்த காலத்தில் புதுமையே.

அதனினும் பழைய மரபு வேறு. வாசலில் இடும் சிக்குக்கோலம் எதன் உருவத்தை ஒத்திருக்கின்றது? எதனையும் ஒத்திருக்கவில்லை. புள்ளிகளை வரிசையாக நிறுத்தி, ஒரு புள்ளியையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடு அது. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி அதன் அமைப்பைக் கணித இலக்கணமாகவே ஆராய்ந்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டிய பெண், அதற்கும் முன் எழுந்து உருவமற்ற ஒரு வடிவத்தை மண்ணில் வரைந்துவிட்டுச் சென்றாள். அவளிடம் சென்று இஃது எதனைக் குறிக்கின்றது என்று எவரும் கேட்டதில்லை. கோடு பிசகினால் மட்டும் பிசகியது என்றனர். உருவொப்பு இல்லாத இடத்திலும் சரி, தவறு, அழகு, அழகின்மை என்னும் தீர்ப்பு இயலும் என்பதை அந்த வாசல் மெய்ப்பித்தது.

தோட்டத்து எல்லையில் மரத்தடியில் நின்ற முனியாண்டிக்கும் இது பொருந்தும். பல இடங்களில் அங்கே இருந்தது ஒரு கல், ஒரு சூலம், சிறிது மஞ்சள், ஒரு சிவப்புத் துணி. முகமும் கையும் இல்லை. எனினும் அக்கல்லின்முன் நின்றவர், பக்கத்தில் கிடந்த வேறு கற்களையும் அதனையும் ஒன்றெனக் கருதவில்லை. நட்டுவைத்தலும், பெயரிடுதலும், ஊரார் ஒப்புதலும் சேர்ந்து கல்லைக் கல் அல்லாததாக்கின. ஓர் எளிய பொருள், வைக்கப்படும் முறையால் வேறொன்றாகும் என்பதை ஏற்பதற்குத் தோட்டத் தமிழருக்குப் பாரிசிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ எவரும் வந்து பாடம் சொல்லவேண்டியதில்லை.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் கூடாது. கல்லின் பின்னால் ஒரு சமூகத்தின் நேர்த்திக்கடன் உண்டு. பல தலைமுறையின் அச்சமும் நன்றியும் உண்டு. கலைக்கூடத்தில் வைத்த பொருளின் பின்னால் அத்தகைய உடன்பாடு முன்கூட்டியே இல்லை. அதனைப் படைப்பாளன் தன் படைப்பாலேயே உண்டாக்க வேண்டும். காண்பவருக்கு அவ்வுடன்பாட்டிற்கு வேண்டிய அளவு தந்திருக்கின்றானா என்பதே அவனை மதிப்பிடும் நேரிய அளவுகோலாகும். 'விளங்கவில்லை' என்னும் சொல்லினுள் கலந்து கிடக்கும் இரு குறைகளையும் பிரிக்கும் கருவியும் இதுவே.

ஓவியரைக் குறிக்கச் சங்க நூலாகிய மதுரைக்காஞ்சி வழங்கும் சொல் கண்ணுள் வினைஞர் என்பது. காண்பவரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்று உரைகாரர் அதற்குப் பொருள் கொண்டனர். ஓவியத்தின் வினை சுவரில் முடிவதில்லை, காண்பவர் கண்ணுள் முடிகின்றது என்பதே அதன் உட்கிடை. வண்ணம் தீட்டாது கோடு மட்டுமே வரைந்த படத்திற்குப் 'புனையா ஓவியம்' என்று நெடுநல்வாடை பெயர் தந்தது. நிறைவு பெறாதது போன்ற வடிவையும் ஒரு வடிவாக மதித்த மரபு அது.

கிள்ளான் குப்பைமேட்டு மழைச்சட்டை

மலேசியக் கலை வரலாற்றில் மிகுந்த வழக்குக்கு உள்ளான கண்காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு இதனைச் சோதிக்கலாம். 1974இல் கோலாலம்பூர் டேவான் பகாசா டான் புஸ்தாக்காவில், எழுத்தாளர் மூலை எனப்பட்ட இடத்தில், ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் 'மறைபொருள் மெய்ம்மையை நோக்கி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கண்காட்சி வைத்தனர். ஓவியம் ஒன்றும் இல்லை. வெறும் பறவைக்கூண்டு, அதன் பறவை 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணிக்கு விடுவிக்கப்பட்டது என்னும் குறிப்பு. பாதி குடித்த இரண்டு கொக்கோ கோலாப் புட்டிகள். பலர் அமர்ந்து எழுந்த நாற்காலி. மார்ச்சு மாதத்து ஓர் இரவில் எரிந்து தீர்ந்த கொசுவத்திச் சுருள்கள். 1974 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.23 மணிக்குக் கிள்ளான் குப்பைமேட்டில் கண்டெடுத்த, யாரோ ஒருவருக்கு உரியதாயிருந்த மழைச்சட்டை.

உருவொப்பைத் தேடிச் சென்ற கண்ணுக்கு இதில் ஒன்றும் இல்லை. தமிழாசிரியர் தம் கையிலுள்ள கருவியை எடுத்துப் பார்த்தால் என்ன நிகழும்? அகத்திணைப் பாடலைப் படிக்கும்போது முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக்கொள்ளுதல் அவர் வழக்கம். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய பொருள்கள் கருப்பொருள், உணர்வு உரிப்பொருள். மழைச்சட்டையைப் பற்றிய குறிப்பில் நிலம் உள்ளது: கிள்ளான். பொழுது உள்ளது, அதுவும் நிமிடம் பிசகாமல். கருப்பொருள் கண்முன் தொங்குகின்றது. இல்லாதது உரிப்பொருள் ஒன்றே. அதனைக் கலைஞர் வேண்டுமென்றே விட்டுவைத்தனர். யார் அணிந்தது, ஏன் எறிந்தது, அவர் இப்போது எங்கே என்னும் வினாக்கள் காண்பவரிடமே எழவேண்டும். எழும்போது படைப்பு நிறைவுறுகின்றது. சங்கப் பாடலில் தலைவியின் துயரைக் கூறாமல், கரையில் கிடக்கும் ஒரு பொருளையும் மாலைப்பொழுதையும் மட்டும் கூறி நிறுத்தும் முறையை விளக்கத் தெரிந்த ஆசிரியருக்கு இம்மழைச்சட்டை அயலானது அன்று.

தோட்டத்துக் காண்பவருக்கு இன்னும் ஒன்று தோன்றும். மழைக்காலத்தில் மழைச்சட்டை என்பது கூலி. மழை பெய்தால் மரம் வெட்டுதல் நிற்கும். வெட்டாத நாளில் வருவாய் குறையும். குப்பையில் கிடந்த மழைச்சட்டை, வேலை இழந்தவனுடையதா, வேலையை விட்டவனுடையதா என்று அவர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் கலைஞர் கருதியதாக இல்லாமற் போகலாம். அதனால் அது தவறாகாது. படைப்பின் குறிப்பு அதற்கு இடம் தருகின்றதா என்பதே பார்க்கத்தக்கது. இங்கே தருகின்றது.

ஆயின் கண்காட்சி முழுவதும் இத்தகுதி உடையதன்று. கலைஞர் இருவரும் ஒரு நீண்ட அறிக்கையை உடன் வெளியிட்டனர். மேலைக் கலை பொருளின் வடிவை நோக்குவது. கீழைச் சிந்தனையோ நிகழ்வை நோக்குவது என்று, பெரிதும் தாவோ, சென் மரபுகளைச் சார்ந்து வாதிட்டனர். வாதம் சுவையானது. ஆயினும் அறிக்கையை அகற்றிவிட்டால் கோலாப் புட்டிகளிடம் மிஞ்சுவது சிறிதே. கூண்டும் மழைச்சட்டையும் அறிக்கை இல்லாமலே பேசுகின்றன. புட்டிகளுக்காக அறிக்கை பேசுகின்றது. உரை இல்லாவிடின் நில்லாத செய்யுள் நல்ல செய்யுளாகாது என்பது தமிழாசிரியர் அறிந்த அளவுகோல். அதனை இங்கும் அஞ்சாது பயன்படுத்தலாம்.

அன்று எதிர்ப்பும் எழுந்தது. கவிஞர் சாலே பென் ஜோனட் அக்கண்காட்சியிலேயே சிறுநீர் கழித்துத் தம் மறுப்பைக் காட்டினார். பின்பு 1975இல் 'டேவான் சாஸ்திரா' இதழில் பியதாசாவுக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதித் தம் செயலுக்கு விளக்கமும் தந்தார். செயலை ஒப்பாதவரும் மடலை ஏற்கலாம்; அது வாதம். புதுமையை எதிர்ப்பதற்கும் புதுமையை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு அம்மடல் சான்று. 'என் பிள்ளையும் செய்வான்' என்பது வாதம் ஆகாது.

குடிவந்த மரம்

அடுத்துக் காணத்தக்கது வோங் ஹோய் சியோங்கின் ஆக்கம். 1960இல் பினாங்கில் பிறந்த இவர், 1994இல் பெரிய தாள்களில் கரிக்கோலால் குடிபெயர்ந்தோர் வாழ்வை வரிசையாக வரைந்தார். 1996இல் தேசியக் கலைக்கூடத்தில் 'குடிபெயர்ந்தோரும் ரப்பர் மரங்களும்' என்னும் பொருள் தரும் பெயரில் கண்காட்சி வைத்தார். இங்கே உருவம் உண்டு, முகம் உண்டு, ஆதலின் விளங்காமை என்னும் தடை குறைவு. ஆயினும் உருவம் தெரிவதாலேயே பொருள் தெரிந்துவிட்டதாகக் கருதுவோர் இங்குத்தான் ஏமாறுவர்.

தலைப்பிலிருந்தே தொடங்கவேண்டும். மக்களையும் மரத்தையும் அது ஒரே தொடரில் நிறுத்துகின்றது. ரப்பர் மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்தவற்றின் வழியே 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அம்மரத்தின் வழித்தோன்றல்களுக்குப் பால் வெட்டவே தமிழர் கப்பலேறி வந்தனர். மரமும் மனிதனும் ஒரே பேரரசின் ஆணையால் கடல் கடந்தவர்கள். மரத்தை அயல்நாட்டு மரம் என்று இன்று எவரும் கூறுவதில்லை. மனிதனைப் பற்றியோ அவ்வினா ஓய்ந்தபாடில்லை. தலைப்பின் இரண்டு சொற்களுக்கு இடையே இவ்வளவும் நிற்கின்றது.

கருவியும் கருதத்தக்கது. கரிக்கோல் என்பது எரிந்த மரம். மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்துத் தீயிட்ட நாளை அறிந்தவர் அக்கருமையை நிறமாக மட்டும் காணார். எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பாக இதே காட்சிகளை வரைந்திருந்தால், நாட்காட்டிப் படத்தின் இனிமை புகுந்து கசப்பை அழித்திருக்கும். எதனால் செய்யப்பட்டது என்னும் வினா, எதனைக் காட்டுகின்றது என்னும் வினாவுக்கு இணையானது என்பதை இப்படங்கள் கற்பிக்கின்றன. குறையும் உண்டு. குடும்ப வரலாற்றையும் நாட்டு வரலாற்றையும் ஒரே தாளில் நிறைக்கும் ஆர்வத்தால், சில இடங்களில் குறியீடுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சொல்லாது விடுதலின் ஆற்றலை மழைச்சட்டை அறிந்த அளவு இவை அறியவில்லை.

இதே கலைஞர் 1990களின் இறுதியில் தொடங்கிய மற்றோர் ஆக்கத்தில் ஆயிரக்கணக்கான மக்களின் பெருவிரல் ரேகைகளை இலைகளோடு இணைத்து ஒரு பெரும் விரிப்பாக்கினார். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரான மக்கள் குரல் அது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. இங்கும் தோட்டத் தமிழர் பிறர் காணாத ஒன்றைக் காணக்கூடும். அவர்தம் முன்னோருள் எழுத்தறியாதோர் கூலிப் புத்தகத்தில் பெருவிரல் ஊன்றினர். 'கைநாட்டு' என்பது தமிழில் வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. அதே ரேகை, இங்கே தானே முன்வந்து இடும் ஒப்பமாக மாறுகின்றது.

மணவறையும் ஒரு பொறியும்

தமிழ்ச் சின்னங்களைக் கொண்ட கலை தமிழருக்கு எளிதில் விளங்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 1965இல் ஜொகூரில் பிறந்த அனுரேந்திர ஜெகதேவா, 2010களில் மணவறை என்னும் சொல்லையே தலைப்பில் ஏற்று, திருமண மேடையின் அமைப்பிலேயே ஓவியங்களைக் கோத்து ஓர் ஆக்கம் செய்தார். காதலும் இழப்பும் நாட்டின் பெருவிவாதமும் அதன் தலைப்பில் சேர்ந்து வருகின்றன. தமிழர் அதன்முன் நின்றால் 'இது மணவறை' என்று உடனே கூறுவர். அவ்வாறு கூறியதும் பார்வை நின்றுவிடுமாயின், அறிந்த சின்னமே திரையாகிவிட்டது என்று பொருள்.

மணவறை இருவர் அமரும் இடம். ஊரார் நோக்க, ஒரு புதிய உறவு உறுதிபெறும் இடம். அதனைக் கலைக்கூடத்தில் நிறுத்தி, இழப்பையும் நாட்டு வழக்கையும் அதனோடு இணைத்தால், அங்கே யாருக்கும் யாருக்கும் மணம் என்னும் வினா எழவேண்டும். ஒரு குடிமகனுக்கும் நாட்டுக்குமா? அவ்வுறவில் உறுதிமொழி இருபுறமும் காக்கப்பட்டதா? இவ்வினாக்களை எழுப்பாது, பழகிய பொருளைக் கண்ட மகிழ்ச்சியோடு திரும்புபவர், விளங்காமல் திரும்புபவரை விட மிகுதியாகப் பெற்றவர் அல்லர்.

தமிழெழுத்தை ஓவியத்தில் காண்போர்க்கும் இது நேரும். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைக்கிராமத்தை உருவாக்கிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையை வரைந்தார். சாதகக் கட்டங்களையும் ஏட்டெழுத்தையும் ஒத்த வடிவங்கள் அவற்றில் உண்டு. படிக்க முயன்றால் படிக்க இயலாது. எழுத்து, பொருளை இழந்து வடிவமாக நிற்கும்போது கண்ணுக்கு என்ன தருகின்றது என்பதே அவர் ஆய்வு. எழுத்தறிவிக்கும் தொழிலினர்க்கு அது சற்று வலிக்கும். ஆதலின் அவர்களே அதனை நின்று காணத் தக்கவர்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் காட்சிக்கலைக் கல்வி ஒரு பாடமாக இடம் பெற்றது. வரைதல், வடிவமைத்தல், உருவாக்கல், கைவினை ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. செய்யக் கற்பிக்கும் அளவுக்குக் காணக் கற்பித்தல் பெரும்பாலும் நிகழ்வதில்லை. தமிழ்மொழி ஆசிரியர் இக்குறையைத் தம் பாடவேளையிலேயே நிரப்ப இயலும்.

அதற்கு நான்கு படிகள் போதும். முதலாவது, கண்டதை மட்டும் சொல்லுதல்: 'ஒரு சட்டை, ஒரு கூண்டு, கறுப்புக் கோடு'. நன்று, தீது என்னும் சொல் இப்படியில் வரலாகாது. இரண்டாவது, நிலமும் பொழுதும்: எங்கே, எப்போது செய்யப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது. மூன்றாவது, கருப்பொருள்: எதனால் செய்யப்பட்டது, அப்பொருள் வாழ்வில் எதற்குப் பயன்பட்டது. நான்காவது, உரிப்பொருள்: எந்த உணர்வு எழுகின்றது, படைப்பின் எந்தப் பகுதி அதனை எழுப்பியது. நான்காம் படியில் மாணவர் கூறும் ஒவ்வொன்றுக்கும் படைப்பிலிருந்தே சான்று காட்டவேண்டும். காட்ட இயலாதது கற்பனை எனப்படும். நான்கும் கடந்த பின்னரே தீர்ப்பு. அத்தீர்ப்பு 'இது வெறுமை' என்பதாகவும் இருக்கலாம். பார்த்தபின் மறுக்கும் உரிமை காண்பவருக்கு உண்டு. பாராமல் மறுக்கும் உரிமை திறனாய்வில் இல்லை.

தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளுள் நோக்கு என ஒன்றைக் கூறும். சிற்றளவிலிருந்து அடியளவு வரை, படிப்பவரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் தன்மை அது. ஒரு மாணவன் கலைப்பொருளைக் கடந்து சென்றபின் மீண்டும் வந்து பார்த்தானாயின், அங்கே நோக்கு இருக்கின்றது என்று அவனுக்குச் சொல்லலாம். எதற்காகத் திரும்பினாய் என்று அவனையே கேட்கலாம்.

கலைக்கூடத்துக்குச் சென்றுதான் தொடங்கவேண்டும் என்பதும் இல்லை. தோட்டப் பகுதியில் எஞ்சியுள்ள ரப்பர் மரம் ஒன்றின் வெட்டுப்பட்டையைக் காட்டலாம். இடமிருந்து வலமாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், பட்டையை மெல்லியதாகச் சீவி இறங்கும் கோடுகள் அங்கே உண்டு. உளி ஆழ்ந்துபோன இடத்தில் மரம் முடிச்சிட்டிருக்கும். நல்ல கை வெட்டிய மரமும் விரைந்த கை வெட்டிய மரமும் கோட்டிலேயே வேறுபடும். அக்கோடுகளைக் கலை என்று கூறவேண்டியதில்லை. ஒரு கோட்டைக் கண்டு, அதனை இட்ட கையின் நிலையை அறியும் பயிற்சிக்கு அதனினும் நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

வரையப்படாத வீடுகள்

இவற்றையெல்லாம் கற்பதால் ஆவதென்ன என்று கேட்பாரும் உளர். அவர்க்கு யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன் செய்த பணி ஒன்றைக் காட்டலாம். போரால் வீடிழந்த தமிழரிடம், இழந்த வீட்டை நினைவிலிருந்து தாளில் வரையும்படி அவர் கேட்டார். தளவரைபடங்கள் கிடைத்தன. அளவு பிசகியவை, கிணறு பெரிதாகவும் கூடம் சிறிதாகவும் அமைந்தவை. அவற்றோடு கட்டடக்கலை முறையிலான வரைபடத்தையும் தம் ஓவியத்தையும் இணைத்து, 80 வீடுகளைக் கொண்ட 'முற்றுப்பெறாத தோம்பு' என்னும் நூலாக 2011இல் வெளியிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. அரசின் ஏட்டில் ஏறாத வீடுகளுக்கு மக்கள் தாமே எழுதிய பதிவேடாக அது நிற்கின்றது. அழகாக வரையத் தெரிந்தவர் வரைந்திருந்தால் அது கெட்டிருக்கும். பிசகிய அளவுகளே அதன் உண்மை.

வட சிலாங்கூரில் இழப்பு குண்டுகளால் வரவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று; செம்பனை பல இடங்களில் வீட்டுமனையாயிற்று; தோட்ட வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர்; லயத்து வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டன. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு காத்திருந்த வரலாறு நாளிதழ் படிப்போர் அறிந்ததே. அவ்வீடுகளின் படம் நிறுவனங்களின் கோப்பில் இருக்கலாம். அங்கே அடுப்பு எங்கிருந்தது, சாமிமாடம் எந்தச் சுவரில் இருந்தது, பிள்ளைகள் எங்கே படுத்தனர், மழையில் எந்த மூலை ஒழுகியது என்பவை அக்கோப்பில் இரா. அவற்றை அறிந்தோர் முதியோர். அவர்களின் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது.

ஒரு வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, இருந்த லயத்து வீட்டை வரைந்து தரும்படி கேட்டால் என்ன கிடைக்கும்? பாட்டி எனக்கு வரையத் தெரியாது என்பாள். உருவொப்பே கலை என்று நம்பும் பேரன், அவள் கோணலாக இழுத்த நான்கு கோடுகளைக் கண்டு சிரித்துவிட்டு எறிந்துவிடுவான். காணக் கற்ற பேரன், அடுப்பை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக வரைந்தாய் என்று கேட்பான். விடையாக ஒரு வாழ்க்கை வரும்.

இக்காலக் கலையைக் கற்பது நகரத்தாரின் ஒப்பனைக் கல்வி என்று தோட்டத் தமிழர் ஒதுக்குவாராயின், இழப்பு கலைக்கூடத்துக்கு அன்று. அவர்தம் வாழ்வைப் பிறர் வரைவர், பிறர் விளக்குவர், நூறாண்டுக்கு முன் பிரெஞ்சுத் தோட்டக்காரர் எழுதியது போல் இனியும் எழுதுவர். அவ்வாறு எழுதுவது குற்றமன்று. பல வேளை நன்றாகவும் எழுதுவர். ஆனால் அதனைப் படித்து, இது சரி, இங்கே பிசகியது, இதனை நீர் காணவில்லை என்று கூறவல்ல கண் இம்மண்ணின் பிள்ளைகளிடம் இருத்தல் வேண்டும். அக்கண்ணைப் பயிற்றுதற்குரிய இலக்கணம் தமிழாசிரியரிடம் முன்னரே இருக்கின்றது. அதனைச் செய்யுளோடு நிறுத்திவிடாமல், வரும் பாடவேளையில் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு தொடங்குதல் அவர் கடனாகும்.